மறியலில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு வீடு உண்டு



மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகள் சமூகப்பணியில் டிப்ளோமா முடித்திருக்கிறாளாம். வழக்குகளில் அகப்பட்ட சிறுவர்களைத் தடுத்து வைத்திருக்கும் இல்லமொன்றில், அவர்களது கோப்புகளைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "களவு, கஞ்சா என்று பிடிபட்ட பொடியன்களுக்கு நடுவில் ஒரு குமர்ப்பிள்ளை போய் என்ன செய்வாள்? நீங்களும் அந்த வேலை பார்த்தவர்தானே, ஒருதரம் எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

அவர் எதிர்பார்ப்பது போல மறித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வேலைக்குச் சீனி தூவிக் காட்டவும் மாட்டேன்.

இப்போது இதனைக் கேஸ் மெனேஜர் என்கிறார்கள். எங்கள் காலத்தில் பிள்ளைகள் என்னைக் "கோப்பு மிஸ்" என்றே கூப்பிட்டார்கள். ஒரு நலன்புரி நிறுவனத்தின் சம்பளத்தில், கொழும்புக்கு வெளியே ஓர் இல்லத்தில், நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கு உதவியாகப் பல வருடம் வேலை செய்தேன். ஒரு பிள்ளை உள்ளே வந்தால் அவன் பெயரில் ஒரு கோப்புத் திறக்கப்படும். அன்று முதல் அவன் வெளியே போகும் நாள் வரை அவனைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தேட வேண்டியவள் நான். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, எந்தப் பாடசாலையில் எந்த வகுப்பு வரை படித்தான், உடம்பில் காயம் இருக்கிறதா, வீட்டுக்கு அறிவித்தார்களா, சட்டத்தரணி இருக்கிறாரா, இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யார் எழுதுவது, அடுத்த தவணை எப்போது. பதினான்கு நாளுக்கு ஒரு தவணை என்று நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவார்கள். பெரியவர்களுக்குப் பதினான்கு நாள் என்பது பதினான்கு நாள்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

முதல் நாள் வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதை மூத்த மேற்றன் ஒருவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். "சாப்பிட்டியா? செருப்பு எங்கே? இரவில் பயமா?" இவ்வளவும் போதும். மீசை அரும்பிய பெடியன்கள் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டு, விடிய முன் எழும்பிப் பாயை மறைக்க ஓடுவதைக் கண்டிருக்கிறேன். வாசகி பயப்படும் பொடியன்கள் இவர்கள்தான். அங்கே இருந்த காலம் முழுவதிலும் ஒரு பிள்ளையும் என்னிடம் தகாத சொல் சொன்னதில்லை. எனக்கு வந்த கரைச்சல் எல்லாம் பெரியவர்களால் வந்தது.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நமது சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம் 1939 இல் எழுதப்பட்டது. சிறுவரைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது, அவர்களது வழக்கைப் பொதுமக்கள் முன் விசாரிக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே அது சொல்லிவிட்டது. 1991 இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பிள்ளையைத் தடுத்து வைப்பது வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மிகக் குறைந்த காலத்துக்குத்தான் என்று அதன் 37 ஆம் உறுப்புரை கூறுகிறது. பிரம்படியை ஒரு தண்டனையாக நீதிமன்றம் விதிப்பது 2005 இல் நீக்கப்பட்டது. 2018 வரை எட்டு வயதுப் பிள்ளை மீதும் குற்றம் சாட்டலாம் என்றிருந்தது. அந்த வருடம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அதைப் பன்னிரண்டாக்கினார்கள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் உள்ள பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. நான் பார்த்ததிலேயே சிறியவனுக்கு ஒன்பது வயது. தண்ணீர் மோட்டர் களவு. அவனால் அந்த மோட்டரைத் தூக்கவும் முடியாது.

பெண்பிள்ளைகளின் இல்லத்துக்கும் இடைக்கிடை அனுப்புவார்கள். அங்கே போய் வந்த நாட்களில் வீட்டில் யாருடனும் கதைக்க மாட்டேன். ஏனென்றால் அங்கிருந்த பல பிள்ளைகள் குற்றம் செய்தவர்கள் அல்லர், குற்றத்துக்கு ஆளானவர்கள். சித்தப்பனோ அயலவனோ கெடுத்திருப்பான். அவன் பிணையில் வெளியே திரிவான். "பாதுகாப்புக்காக" என்று பிள்ளை உள்ளே இருப்பாள். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். "மிஸ், நான் என்ன பிழை செய்தனான்?" என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் எழுத எந்தக் கோப்பிலும் இடமில்லை. களவெடுத்த பிள்ளையையும் களவு கொடுத்த பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் வழக்கம் அன்று சாதாரணமாக இருந்தது. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

சரி, நான் சொல்ல வந்தது ரவியின் கதை. ரவி என்பது அவன் பெயரல்ல.

2007 ஒக்ரோபர் கடைசி. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். அவன் மஸ்கெலியாப் பக்கத் தோட்டப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு தரகர் கூட்டி வந்து கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டிருக்கிறார். அப்போது பதினான்கு முடிந்தால் வேலைக்கு வைக்கலாம் என்பது சட்டம். அதைப் பதினாறு ஆக்கியது 2021 இல்தான். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். அடையாள அட்டை எடுக்கும் வயதில்லை. யுத்த காலத்தில் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் ஹற்றன் பஸ்ஸுக்கு நின்ற தமிழ்ப் பிள்ளை. விசாரித்துப் பார்த்தால் கடை முதலாளி ஏற்கெனவே முறைப்பாடு கொடுத்திருக்கிறார், லாச்சியில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா காணவில்லை என்று.

"எடுத்தது உண்மைதான் மிஸ். ஐநூறு. மூனு மாசமா சம்பளம் குடுக்கல. தீவாளிக்கு வீட்டுக்குப் போகணும்னு எடுத்தேன்" என்றான். அவன் சட்டைப் பையில் பஸ் காசு போக மிச்சம் இருந்தது தங்கச்சிக்கு வாங்கிய ஒரு சோடி வளையல்.

வீட்டுக்குக் கடிதம் அனுப்பினோம். தாய் வரவில்லை. இரண்டாம் தவணைக்கு முன் மற்றொரு கடிதம். அதற்கும் ஆளில்லை. தீபாவளி உள்ளேயே கழிந்தது. வாசலில் ஒவ்வொரு முறை கேற் திறக்கும்போதும் அவன் எட்டிப் பார்ப்பான். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

மூன்றாம் தவணைக்குச் சமூக அறிக்கை கொடுக்க வேண்டும். அந்தக் கிழமை என்னிடம் பத்தொன்பது கோப்பு இருந்தது. நான் எழுதினேன்: தந்தை இல்லை, தாய் இருமுறை அறிவித்தும் சமுகமளிக்கவில்லை, பிள்ளையில் அக்கறையற்றவராகத் தெரிகிறது, வீட்டுச் சூழல் பொருத்தமற்றது, சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புதல் நன்று. வடிவான எழுத்தில் எழுதினேன். நன்னடத்தை உத்தியோகத்தர் என்னை நம்பிக் கையொப்பமிட்டார். நீதவான் கட்டளைக்கென்று பதினான்கு நாள் கழித்துத் தவணை போட்டார். சான்றுபெற்ற பாடசாலை என்றால் ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருடக்கணக்கு.

அந்த உத்தியோகத்தர் சிங்களவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். நீதிமன்றத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "நோனா, அந்த வீட்டைப் பார்த்தீர்களா?" நான் இல்லை என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஹற்றன் பஸ் ஏறினேன். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறி, ஹற்றனில் மாறி, மஸ்கெலியாவில் இறங்கி, பிறகு தேயிலைக்கு நடுவில் நடை. கொழும்புச் செருப்போடு இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். லயத்தை அடையும்போது பின்னேரம் மூன்று மணி. தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கூடையோடு ஓடி வந்தவர், நான் யார் என்று சொன்னதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிள்ளை செத்துப்போனான் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம்.

காம்பரா ஒன்றுதான். அடுப்புப் புகை ஏறிய சுவர். ஆனால் கூட்டிப் பெருக்கி, பானைகள் துலக்கி அடுக்கியிருந்தது. சுவரில் ரவியின் ஐந்தாம் வகுப்புப் பாடசாலைப் படம். அரிசி டின்னைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த இரண்டு கடிதங்களை எடுத்து என் கையில் தந்தார்.

"இதாங்க வந்திச்சு. சீல் போட்டிருக்கு, அரசாங்கக் கடுதாசின்னு பத்திரமா வச்சிருக்கேன். கணக்குப்பிள்ளை அய்யாகிட்ட காட்டினேன், அவரு லீவுல போயிட்டாரு. தரகர்கிட்ட காட்டினேன். நீ அங்க போனா ஒன்னையும் புடிச்சி வச்சிருவாங்க, அபராதம் கட்டணும்னாரு. சின்னப் புள்ளைய யாருகிட்டங்க விட்டுட்டுப் போவேன்?"

இரண்டு கடிதமும் சிங்களத்தில் இருந்தன.

அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருந்த படிவம் அது. பெயரையும் திகதியையும் நிரப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். 1987 முதல் அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழி. ஆனால் அந்தப் படிவத்துக்கு அது தெரியாது. படிவத்தைக் குறை சொல்லி நான் தப்பிக்கலாம். நிரப்பியவள் நான். நான் தமிழ்ப்பெண். பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும். அது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தத் தாயிடம் கொழும்புக்குப் போய்வர எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். பஸ் காசை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "ரெண்டு நாளு பேரு போயிடுங்க" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அது போனால் வீட்டில் மாவும் இல்லை, கடைக் கடனும் கூடும். அக்கறையற்றவர் என்று நான் எழுதிய பெண் அவர்.

அன்றிரவு ஹற்றனில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, இரண்டாவது அறிக்கையை எழுதினேன். கிராம சேவையாளரிடமும் பாடசாலை அதிபரிடமும் கடிதம் வாங்கினேன். முதல் அறிக்கை வீட்டைப் பார்க்காமல் எழுதப்பட்டது என்பதையும் அதில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. உத்தியோகத்தர் வாசித்து, "இதுதான் அறிக்கை" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

தவணையன்று எங்கள் நிறுவனம் கொடுத்த பஸ் காசில் தாய் வந்தார். திருவிழாச் சேலை உடுத்திருந்தார். கையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சுற்றிய பார்சல். நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கில் தாயும் மகனும் இருந்தார்கள். இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவன் ரொட்டியைத் தின்றுகொண்டேயிருந்தான், அவர் அவன் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். நீதவான் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். ஒரு வருட நன்னடத்தை மேற்பார்வையில் தாயின் பொறுப்பில் விடும்படி கட்டளை. எல்லாமாக எட்டு வாரம் உள்ளே இருந்தான். முதல் கிழமையே நான் அந்த மலை ஏறியிருந்தால் இதில் ஆறு வாரமாவது அவனுக்கு மிஞ்சியிருக்கும். தீபாவளியும்.

கடையில் நின்ற மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. அதற்காக நாங்கள் எழுதிய கடிதங்களும் எங்கேயோ ஓர் அரிசி டின்னில் கிடக்கும் போலும்.

இனி, மட்டக்களப்புத் தாய்க்கு. சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். மகள் சில நாட்களில் வந்து சாப்பிடாமல் படுப்பாள், ஏன் என்று துருவாதீர்கள். பிள்ளைகளின் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. அங்கே கொடுக்கும் படிவங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்களமும் நன்றாகப் பழகட்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பிள்ளைக்காக வாய் திறக்க முடியாது. வழுக்காத செருப்பு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

ரவி இப்போது ஹற்றனில் வாகனத் திருத்தகத்தில் வேலை. கலியாணம் முடித்து ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறாள். தீபாவளிக்குத் தொலைபேசியில் அழைப்பான். "மிஸ்தான் எங்கம்மாவைத் தேடிக்கிட்டு மலையேறி வந்தவங்க" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் சொல்லுவான், எனக்குக் கேட்கும். அந்த முதல் அறிக்கையைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.