எஞ்சினை இறக்குமுன் காரணத்தைக் காட்டட்டும்!

பொங்கல், தீபாவளி என்றால் பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் புறப்படும் வாகன வரிசையில் பழைய கார்களை இன்றும் காணலாம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியிருக்கும் குமாஸ்தாக்கள், தொழிலாளர்கள், ஓய்வு பெற்ற பொதுத்துறை ஊழியர்கள் ஆகியோர் சீட்டு எடுத்த பணத்திலோ, பணிக்கொடையிலோ வாங்கிய கார்கள் அவை. பெரும்பாலும் இரண்டாவது கை, மூன்றாவது கை மாறி வந்தவை.

அவற்றில் மாருதி 800க்குத் தனி இடம் உண்டு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். நடுத்தரக் குடும்பத்தைப் பஸ் ஸ்டாண்டு நெரிசலிலிருந்து மீட்ட வண்டி அது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அத்தகைய வண்டிகளுக்கு வழக்கமாக வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, எஞ்சின் 'மிஸ்ஸிங்' அடிப்பது. மற்றொன்று, ஆயில் ஒழுகுவது.

இவை இரண்டும் பெரும்பாலும் சிறிய கோளாறுகளே. ஆனால் பட்டறைக்குப் போனதும் கார்க்காரர் கேட்கும் முதல் வாக்கியம், "எஞ்சினை இறக்கணும் சார்" என்பதுதான். கார்க்காரர் திகைக்கிறார். ஊருக்குப் போகும் நாள் நெருங்குகிறது. தலையை ஆட்டிவிடுகிறார். எஞ்சின் இறங்குகிறது, ரிங்கும் பேக்கிங்கும் மாறுகின்றன, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கரைகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு பத்து மைல் போனால் மறுபடியும் அதே குலுக்கல்! கடைசியில் பார்த்தால் வெடித்துப் போன பிளக் ஒயர் ஒன்றுதான் காரணம். இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

குற்றம் யாருடையது?

மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் அது பாதி உண்மையே. ஒரு மணி நேரம் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, "ஒயரை மட்டும் மாற்றினால் போதும்" என்று சொல்லும் மெக்கானிக்குக் கார்க்காரர் என்ன கொடுக்கிறார்? ஒயரின் விலையும் ஒரு டீயும்! "ஒரு ஒயர் மாட்டினதுக்கு இவ்வளவா?" என்று கேட்கும் அதே மனிதர், எஞ்சினை இறக்கியவருக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் எண்ணித் தருகிறார். கழற்றி மாட்டிய கைக்குக் கூலி உண்டு. கண்டுபிடித்த மூளைக்குக் கூலி இல்லை. இந்த வழக்கம் இருக்கும்வரை பட்டறைகள் பொருளை மாற்றுவதிலேயே கவனம் செலுத்தும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே மாற வேண்டியவர்கள் இருவர். காரணத்தைக் காட்டாமல் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக் ஒருவர். காரணத்தைக் காட்டியதற்குப் பணம் தர மறுக்கும் கார்க்காரர் மற்றொருவர்.

செலவில்லாத சோதனைகள்

எஞ்சின் ஒழுங்காக ஓட நான்கு தேவை: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, நல்ல அழுத்தம், பலமான தீப்பொறி, அந்தப் பொறி உரிய நேரத்தில் விழுவது. இவற்றில் எது குறைந்தாலும் மிஸ்ஸிங் வரும். எது குறைந்தது என்று அறியாமல் எதையும் மாற்றுவது குருட்டு வைத்தியம்.

முதலில் காது வேண்டும். தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் எஞ்சின் விட்டு விட்டு அடித்தால், பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் கோளாறு. தாறுமாறாக எப்போதாவது விட்டால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான பகுதியில் சந்தேகம் கொள்ள வேண்டும்: கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவை.

எந்தச் சிலிண்டர் என்று அறிவதும் கடினமல்ல. பாயிண்ட் வைத்த பழைய வண்டியில், மின்சாரம் தாக்காத பிடி போட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக ஒரு கணம் எடுத்துப் பார்ப்பார்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எஞ்சின் தள்ளாடும். செத்த சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எந்த மாற்றமும் இராது. குற்றவாளி அதுதான். மூன்று சிலிண்டர் வண்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்று செத்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்றே!

இந்த முறை எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு ஆகாது. ஓடும்போது ஒயரை எடுத்தால் அவற்றின் எலெக்ட்ரானிக் பாகங்கள் கெடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். அவற்றில் இன்ஜெக்டரின் இணைப்பை எடுத்துப் பார்ப்பதே முறை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதற்குரிய கருவியை மாட்டி அது காட்டும் எண்ணைப் படித்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

செத்த சிலிண்டர் தெரிந்த பிறகு, எஞ்சினை நிறுத்தி, அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து பார்த்தால், வெடித்த ஒயரிலிருந்து நீலப் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். இதற்கெல்லாம் செலவு ஒரு பைசா இல்லை.

கழற்றிய பிளக்கும் சாட்சி சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. எங்கோ காற்று உறிஞ்சுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. ஆயிலில் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது.

இறக்கத்தான் வேண்டுமா?

எஞ்சினை இறக்க வேண்டிய நேரமும் உண்டு. அதைச் சொல்ல வேண்டியது கம்ப்ரெஷன் கேஜ். எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, பொறியும் பெட்ரோலும் வராமல் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். ஒன்றில் குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு; டேப்பட் இடைவெளி சரியில்லாமல் கூட இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்.

இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி, முக்கால் மணி. அந்தக் காகிதம் இல்லாமல் எஞ்சினை இறக்கச் சம்மதிப்பவர், எக்ஸ்ரே எடுக்காமல் காலை வெட்டச் சம்மதிப்பவருக்குச் சமம்.

ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு

ஆயில் விஷயத்தில் நடக்கும் ஏமாற்றம் வேறு விதமானது. அடியில் சொட்டுவதைப் பார்த்து, "சம்ப் பேக்கிங் போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கம் ஓடும். சொட்டும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஈரமான பகுதிகளில் எது மிக உயரமாகவும் முன்பக்கமாகவும் இருக்கிறதோ, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல சமயம் அது டேப்பட் கவர் பேக்கிங்காக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர் ஆகியவையும் வழக்கமான குற்றவாளிகள்.

கண்டுபிடிக்கும் வழி எளியது. குளிர்ந்த எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பவுடர் நனைந்த இடமே ஊற்றுக்கண். இரவில் வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், காலையில் எந்த இடம், எவ்வளவு என்று தெரியும். நிறத்தையும் பார்க்க வேண்டும். கருப்பும் பழுப்புமாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றில் ஒழுகுகிறது என்றால், எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ரப்பர்க் குழாய் அடைத்திருக்கக்கூடும். போக வழியில்லாத ஆவி, பேக்கிங்குகளைத் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியேற்றும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகல் நிற்காது.

சில வண்டிகளில் இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றேதான். டிஸ்ட்ரிபியூட்டர் சீல் தேய்ந்து உள்ளே ஆயில் புகுந்தால் பாயிண்ட் கெடும், மிஸ்ஸிங் வரும். டேப்பட் கவரிலிருந்து வழியும் ஆயில் பிளக் ஒயரின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். இரண்டுக்கும் இரண்டு பில் போடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டாமா?

அலட்சியமும் ஆகாது

எல்லாம் சிறிய கோளாறு என்று விட்டுவிடுவதும் தவறு. சூடான எக்ஸாஸ்ட் குழாயில் ஆயில் விழுந்தால் புகையும், தீயும் பிடிக்கலாம். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பண்டிகை முடிந்து சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில், பின்னால் லாரி வரிசை நிற்க, குழந்தை குட்டிகளுடன் ஒரு சிலிண்டர் செத்த வண்டியில் தவிப்பவர் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். சோதனை செய்ய வேண்டிய காலம் புறப்படுவதற்கு முந்தின இரவல்ல, முந்தின மாதம்.

"பழைய வண்டிக்கு ஏன் இவ்வளவு பாடு? விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கலாம். அதிலும் நியாயம் உண்டு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எல்லாச் சிலிண்டரிலும் அழுத்தம் போய், அடித்தகடும் துருப்பிடித்திருந்தால் அந்த வண்டிக்கு விடை கொடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கும் அதே சோதனைதான் வேண்டும். நல்ல எஞ்சினைப் பிளக் ஒயருக்காக விற்பவரும் உண்டு. செத்த எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டுபவரும் உண்டு. இருவரும் செய்த தவறு ஒன்றே.

செய்ய வேண்டியது

கார்க்காரர் பட்டறைக்குப் போனதும் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதை விட்டு, "என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, காட்டுங்கள் அண்ணே" என்று கேட்க வேண்டும். "பார்த்துச் சொல்வதற்கு உங்கள் கூலியை முதலில் சொல்லுங்கள்" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். மாற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

பெங்களூர் பட்டறைகளில் கைத்தொழிலால் பெயர் வாங்கிய தமிழ் மெக்கானிக்குகள் பலர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சின்ன வயதில் ஸ்பேனர் பிடித்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் காதுக்குள்ள ஞானத்தை எந்தக் கல்லூரியும் கற்றுக் கொடுத்ததில்லை. அந்த ஞானத்துக்கு விலை கிடைத்தால் அது வளரும். அடுத்த பையனுக்கும் போய்ச் சேரும். கிடைக்காவிட்டால், ஜே.சி. ரோட்டில் பொருள் வாங்கி மாட்டுவது மட்டுமே தொழில் என்று ஆகிவிடும்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் குமாஸ்தாவுடையது. வியர்வை சிந்தி உழைக்கும் கை மெக்கானிக்குடையது. இரண்டும் வீணாகாமல் இருக்க ஒரே வழி, ஸ்பேனருக்கு முன் சோதனை. அதைக் கேட்கும் துணிவு கார்க்காரருக்கும், செய்யும் பொறுமை பட்டறைக்காரருக்கும் வரட்டும்!