அந்த ஓட்டையை அடைக்காதீர்கள்

வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் கூலன்ட் சொட்டுகிறது என்று எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. அந்த ஓட்டை பழுதல்ல. பம்ப்பைச் செய்தவர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த வழி.

பம்ப்புக்குள் ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் கூலன்டைத் தள்ளும் இம்பெல்லர், மறுமுனையில் பெல்ட் ஓடும் புல்லி, நடுவில் பேரிங். கூலன்ட் பேரிங் பக்கம் வராமல் காப்பது சீல். சீல் தேய்ந்தால், கசிவது பேரிங்கில் இறங்காமல் வெளியே வழிந்துவிடட்டும் என்றுதான் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதை அடைத்தால் கூலன்ட் உள்ளே தேங்கி, பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் தண்டு ஆடும், உறுமல் சத்தம் வரும், ஒருநாள் நடுவழியில் பெல்ட் கழன்று விழும்.

எத்தனை கிலோமீட்டரில் பம்ப் மாற்றணும் என்று பலர் கேட்கிறார்கள். நான் கிலோமீட்டரைவிட அந்த ஓட்டையைத்தான் நம்புவேன். இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான கறை மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். நல்ல சீலிலும் கொஞ்சம் ஈரம் வரும். பச்சையோ சிவப்போ, கூலன்டின் நிறத்திலேயே பொருக்குக் கட்டி, அதன்மேல் புது ஈரமும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்ப்பார். துளி ஆட்டம் தெரிந்தாலும், "சார், இதை நம்பி வெளியூர் போகாதீங்க" என்பார். அம்பாசிடரில் இது இன்னும் சுலபம். ஃபேனே பம்ப் தண்டில்தான் மாட்டியிருக்கும். இறக்கையைப் பிடித்து ஆட்டினாலே விஷயம் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு வகை வண்டியில் இப்படிக் காத்திருக்கக் கூடாது. ஒரகடத்தில் தயாரான டஸ்டர் 1.5 டீசலில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் இறுகி நின்றால் பெல்ட் பல் தாண்டும், இல்லையென்றால் அறுந்தே போகும். வால்வில் பிஸ்டன் இடிக்கும். அதனால் டைமிங் பெல்ட் மாற்றும்போது, பம்ப் நன்றாக இருந்தாலும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அவ்வளவையும் பிரிக்கிற கூலியை இரண்டு தடவை ஏன் கொடுக்க வேண்டும்? மெக்கானிக் பம்ப்பையும் மாற்றச் சொன்னால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள், அவர் சொல்வது நியாயம். பழைய டிசையர் 1.3 டீசலில் டைமிங் செயின். பம்ப்பை வெளிப்பெல்ட் சுற்றுகிறது. அங்கே இந்தக் கட்டாயம் இல்லை.

வண்டி ஹீட் ஆனதுமே பம்ப்பின் மேல் பழி போடுவதும் தப்பு. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். பைபாஸில் வேகம் பிடித்த பிறகு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். சில பம்ப்பில் ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. உள்ளே இம்பெல்லர் அரித்துப்போயிருக்கும்.

அரிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் ஊற்றும் போர் தண்ணீர். உப்புப் படிந்து சீலைக் கீறும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது. அதைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்கும் செலவு, ஹெட் வளைந்து லேத்துக்குப் போகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஓடும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏறிய முள் தானாக இறங்குகிறதே என்று தொடர்ந்து ஓட்டவும் கூடாது. கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சாரைத் தொட எதுவும் இருக்காது. முள் அதனாலும் இறங்கும்.