மூச்சு முந்தட்டும்

மூச்சோடு அசைவை இணைத்து ஆசனங்களைத் தொடராகச் செய்யும் வின்யாச யோகா பழக ஆசைப்படும் தோழிகள் என்னிடம் வந்து முதலில் சொல்வது, "அந்த வேகத்துக்கு நமக்கு வராது" என்பதைத்தான். கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். காணொளியில் வருகிற பெண் குனிந்து, பின்னால் தாவி, நெஞ்சைத் தூக்கி, இடுப்பை உயர்த்தி அடுத்த ஆசனத்துக்கே போயிருப்பாள். இவர்கள் அப்போதுதான் குனிந்திருப்பார்கள். வயதாகிவிட்டது, உடம்பு வளையாது என்று தங்களையே நொந்துகொண்டு பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த வேகம் யாருக்காக வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1930களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். துள்ளித் திரிகிற வயது. ஓர் ஆசனத்திலிருந்து இன்னோர் ஆசனத்துக்குத் தாவிப் போவது அவர்களுக்குப் பொருத்தமாக இருந்தது. அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ், வேகமும் வலுவும் கேட்கும் அந்தப் பாணியை அஷ்டாங்க வின்யாசம் என்று வாழ்நாள் முழுக்கக் கற்பித்தார். 1975இல் கலிஃபோர்னியாவுக்கும் போனார். அமெரிக்காவில் அது பல கிளைகளாகப் பிரிந்து, இசை சேர்ந்து, ஃப்ளோ யோகா என்ற பெயரோடு இன்று நம் கைப்பேசிக்குள் வந்து நிற்கிறது.

ஆனால் அதே ஆசான் கிருஷ்ணமாச்சார்யா 1950களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்தார். 1989இல் நூறு வயது கடந்து மறையும்வரை இங்கேதான் இருந்தார். இங்கே அவரைத் தேடி வந்தவர்களில் குடும்பஸ்தர்களும் நோயாளிகளும் நிறைய. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, அவரவர் உடம்புக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றித் தந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கி அந்த வழியை வளர்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிருஷ்ணமாச்சார்யாவிடம் பயின்ற ஸ்ரீவத்ச ராமஸ்வாமி, நிதானமான வின்யாச கிரமத்தைப் பல நாட்டவருக்கும் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது மைசூர்ப் பையன்களின் வேகத்தை அல்ல, இந்தச் சென்னை நிதானத்தைத்தான்.

அந்த வழியில் சட்டம் ஒன்றுதான். மூச்சு முதலில் கிளம்ப வேண்டும், கை பிறகு கிளம்ப வேண்டும். கை நின்ற பிறகும் மூச்சு ஒரு கணம் ஓட வேண்டும். நேராக நின்று, மூச்சை இழுத்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். விட்டபடி இறக்குங்கள். இதை மட்டும் ஆறேழு முறை செய்துபாருங்கள். கை மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, மூச்சு இன்னும் பாதியில் நிற்கிறது என்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். தொண்டையை லேசாகக் குறுக்கி, காதுக்கு மட்டும் கேட்கிற மெல்லிய ஓசையோடு மூச்சை விட்டால் அதன் நீளம் உங்களுக்கே தெரியும். இதைத்தான் உஜ்ஜாயி என்கிறார்கள். அந்த ஓசை கரகரத்தாலோ அறுந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். காணொளியில் வருகிறவருக்கு உங்கள் மூச்சு கேட்காது. அதனால் ஒரு தடவை பார்த்து வரிசையை மனத்தில் வாங்கிக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கை உயர்த்துவது பழகியபின் குனிவது, பிறகு ஒவ்வொரு காலாகப் பின்னால் வைப்பது. தாவ வேண்டாம். சூரிய நமஸ்காரத்தில் புதியவர்களைப் படுத்துகிற இடம் சதுரங்க தண்டாசனம். உடல் பலகைபோல் நேராக, முழங்கை மடங்கி, தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தோளில் வலு இல்லாமல் இதை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்தால் தோளும் மணிக்கட்டும் வலி எடுக்கும். முழங்காலைத் தரையில் ஊன்றிவிட்டு இறங்குங்கள், எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று பலர் போராடுகிறார்கள். முழங்காலை நன்றாக மடக்கிக்கொண்டு முதுகை நீட்டினால் போதும். அங்கே நீள வேண்டியது முதுகெலும்பு.

மொசைக் தரையிலும் டைல்ஸிலும் ஜமக்காளம் விரித்துச் செய்யாதீர்கள், வழுக்கும். ரப்பர் பாய் ஒன்று வாங்கிவிடுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முடித்ததும் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தைத் தவிர்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் விட்டுக்கொடுக்கட்டும். காபி ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலை கீழே போகும் ஆசனங்களுக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் தனியாகத் தொடங்கவே கூடாது. மற்றவர்களும், தனியே பழகுவதாக இருந்தாலும், நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஒரு முறையாவது நேரில் செய்துகாட்டிவிடுங்கள். தோள் காதை நோக்கி ஏறுவதையும் இடுப்பு தொய்வதையும் அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.