தேடுபெட்டியும் பாடவேறுபாடும்

இணையவழித் தமிழ்க் கற்றல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பயனாளர் எண்ணிக்கையையும் தேர்ச்சியையும் அளவிடுகின்றன; எந்நூலை எப்பதிப்பில் கற்றனர் என வினவுவதில்லை. 1998இல் மதுரைத் திட்டமும் 2001இல் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகமும் தொடங்கப்பட்டதன் பயனைக் காவிரிப்படுகைச் சிற்றூர்களிலிருந்து தஞ்சை நூலகங்களுக்குப் பேருந்தேறிய ஆய்வாளர் நன்கறிவர். அதனை மறுப்பதற்கில்லை.

எனினும், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை எண்ணிப் பார்க்கலாம். அவற்றின் அடிக்குறிப்பில் நிற்கும் பிரதிபேதங்கள், ஊர்ஊராகத் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்பின் பதிவுகள். தேடுபெட்டியில் அகப்படும் மின்பாடம் பெரும்பாலும் மூலத்தை மட்டுமே தருகிறது. பிரதிபேதம் உள்ள பழம்பதிப்புகள் பலவும் படவடிவில் இருத்தலின் சொல் தேடலுக்கு எட்டா. எட்டாதவை மேற்கோளிலிருந்தும் நழுவுகின்றன.

என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிலும் இப்பிழை உண்டு. நெறியாளர் ஓரடிக்குப் பாடவேறுபாடு கேட்ட பின்னரே அச்சுப்பதிப்பைத் திறந்தேன்; என் வாதம் ஊன்றியிருந்த சொல்லே அங்கு வேறாக இருந்தது.

மின்னூலகங்கள் பிரதிபேதங்களையும் தேடத்தக்க எழுத்துருவில் ஏற்றுதல் வேண்டும். அதுவரை, மின்பாடத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு மேற்கோளுக்கும் அதன் மூலப்பதிப்பையும் ஆண்டையும் சுட்டுமாறு தமிழ்த்துறைகள் ஆய்வேட்டு விதிகளில் சேர்க்கலாம். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.