நர்ஸம்மாவுக்குக் கதவைத் திறங்கள்!



உங்கள் தெருவுக்கு சுகாதார செவிலியர் வருகிறார். ஒரு கையில் பதிவேடு, மறு கையில் செல்போன். 'வீட்டில் கர்ப்பிணி யாராவது உண்டா?' என்று கேட்கிறார். நம் வீடுகள் பலவற்றில் கிடைக்கும் பதில் என்ன? 'ஆம்பளைங்க வீட்ல இல்லே, அப்புறம் வாங்க!'

அப்புறம் எப்போது வருவார்? தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்குப்படியே சுமார் 10,000 பேருக்கு ஒரு செவிலியர்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் மாவட்டமே மாறிவிடும். இரத்த அழுத்தம் ஏறியதும், இரத்தசோகை இருந்ததும் பழைய ஊர் நோட்டிலேயே தங்கிவிட்டால், வலியோடு வருபவளைப் பார்க்கும் புதிய டாக்டருக்கு என்ன தெரியும்?

இதற்காகத்தான் 'பிக்மி' என்ற கணினிப் பதிவைத் தமிழக அரசு வைத்திருக்கிறது. கர்ப்பிணியைப் பதிந்தால் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். ஊர் மாறினாலும் எண் மாறாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்மார்களுக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவிக்கும் இந்த எண் வேண்டும். 2017 முதல் பிறப்புப் பதிவுக்கும் இதைக் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழின் அருமையை 2019-க்குப் பிறகு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

'விவரம் எங்கே போகுமோ?' என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. அது வீண் அச்சமும் அல்ல. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. கசிவே இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. நம் பெண்களின் உடல்நல விவரம் மருத்துவத்துக்கு அன்றி வேறு எதற்கும் போகாது என்ற உறுதியை அரசிடம் கேட்போம். அது நம் உரிமை. ஆனால் அந்தக் கோபத்தை வெயிலில் நடந்துவரும் ஒரு பெண் ஊழியரிடம் காட்டினால் நஷ்டம் யாருக்கு?

2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள். கேரளாவில் 19 பேர்தான். அந்த 54 பேரில் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால்?

வியாபாரிகளே! பதிவில் உங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறீர்கள். பரிசோதனைக்கு வரச்சொல்லி வரும் போன் கடையில் அடிக்கிறது. வியாபார நேரம், எடுப்பதில்லை. எடுத்தாலும் வீட்டில் சொல்ல மறந்துவிடுகிறீர்கள். மனைவியின் நம்பரைக் கொடுங்கள். அவருக்குப் போன் இல்லையென்றால் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்!

இளைஞர்களே! 102-க்குப் போன் செய்தோ, இணையதளத்திலோ நாமே முன்பதிவு செய்யலாம். உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களுக்கு இதைச் செய்து கொடுங்கள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு உருதுவிலோ இந்தியிலோ எடுத்துச் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் அறிவிப்புச் செய்யலாமே!

அரசுக்கும் ஒன்று சொல்வோம். நோட்டில் ஒருமுறை, கணினியில் மறுமுறை என்று செவிலியரை எழுத வைத்தால், கர்ப்பிணியின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? கருவி அவர் சுமையைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

செல்போன் பிரசவம் பார்க்காது. பார்க்கப்போகும் கைகளுக்கு அது முன்கூட்டியே சேதி சொல்லும். அந்தச் சேதி நம் வீட்டு வாசலில் தடைபடலாமா? சிந்திப்பீர், செயல்படுவீர்!