மருந்து வாங்கியவர் பட்டியல்: போலீசார் பார்க்கலாமா?

தலைவலி மாத்திரை வாங்குகிறவருடைய பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. மார்பின் போன்ற மருந்துகள் அப்படி அல்ல. அவை பெரிய வலியையும் போக்கும். ஆளை அடிமையாகவும் ஆக்கும். ஆகவே, அவற்றை வாங்குகிறவர் யார் என்று அரசாங்கம் கணக்கு வைக்க விரும்புகிறது. வைக்கட்டும். அந்தக் கணக்கை யார் யார் பார்ப்பது என்பதில்தான் தகராறு.

அமெரிக்காவில் இந்தத் தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

மூன்று சீட்டு

நியூயார்க் மாநிலம் 1972-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. ஒரே ஆள் பல டாக்டர்களிடம் போய் மருந்துச் சீட்டு வாங்குவதையும், திருட்டுச் சீட்டு நடமாடுவதையும் தடுக்க வேண்டும் என்பது நோக்கம்.

இந்த வகை மருந்துக்கு மூன்று பிரதியாகச் சீட்டு எழுத வேண்டும். ஒன்று டாக்டருக்கு. ஒன்று மருந்துக் கடைக்கு. மூன்றாவது, ஆல்பனி நகரில் உள்ள சுகாதார இலாகாவுக்கு. அங்கே நோயாளியின் பெயர், முகவரி, வயது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். மாதம் சுமார் 1 லட்சம் சீட்டுகள் வந்தன.

காவல் பலமாகத்தான் இருந்தது. சுற்றிலும் கம்பி வேலி. அபாய மணி. சீட்டுகளை 5 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிட வேண்டும். பெயரை வெளியே சொன்னால் ஓர் ஆண்டு வரை ஜெயில்.

கம்பி வேலி திருடனைத் தடுக்கும். நோயாளிகள் பயந்தது திருடனுக்கு அல்லவே! "போதை மருந்து சாப்பிடுகிறவர்" என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்தார்கள். அவர்களும் டாக்டர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்.

கோர்ட்டில் வந்த சாட்சியம் உருக்கமானது. பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, ஒரு குழந்தைக்குக் கொடுத்து வந்த மருந்தையே நிறுத்திவிட்டார்கள். இன்னொருவர், வேறு மாநிலத்துக்குப் போய் மருந்து வாங்கினார்.

சட்டம் அமலுக்கு வந்து 20 மாதம் ஆயிற்று. அளவுக்கு மேல் மருந்து வாங்கியதாக நோயாளிகள் மீது நடந்த விசாரணையில் அந்தப் பட்டியல் எத்தனை முறை பயன்பட்டது? இரண்டே முறை!

ஆனாலும் 1977-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் எல்லோரும் ஒருமுகமாக, "சட்டம் செல்லும்" என்று தீர்ப்பு அளித்தார்கள். கம்ப்யூட்டரில் குவியும் சொந்த விவரங்களால் ஆபத்து வரலாம் என்பதையும் அவர்கள் மறுக்கவில்லை.

போலீசார் கேட்டால்?

பட்டியலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வலி மாத்திரைக்கு அடிமையாகி அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டுபோனார்கள். நேற்று வேறு டாக்டரிடம் சீட்டு வாங்கியவர் இன்று தன்னிடம் வந்திருக்கிறார் என்று டாக்டருக்குத் தெரிந்தால், ஓர் உயிர் தப்பும். கடைசிவரை பட்டியல் வைக்காதிருந்த மிசௌரி மாநிலமும் 2021-ல் அதற்குச் சட்டம் செய்தது.

டாக்டர் பார்ப்பது மருத்துவம். போலீசார் பார்ப்பது துப்பு. இரண்டும் ஒன்றல்ல.

ஆரிகன் மாநிலம் இதைப் புரிந்துகொண்டது. 2009-ல் பட்டியலுக்குச் சட்டம் செய்தபோதே, போலீசாருக்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆனால் மத்திய போதை மருந்துத் தடுப்பு இலாகா, நீதிபதியிடம் போகாமல், தானே நோட்டீசு அனுப்பி விவரம் கேட்டது. மாநிலம் வழக்குப் போட்டது. "கோர்ட்டு வாரண்டு இல்லாமல் பார்க்கக் கூடாது" என்று 2014-ல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2017-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. மத்திய சட்டத்துக்கு முன் மாநிலச் சட்டம் நிற்காது என்று கூறியது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நியாயப்படி சரியாகப் படவில்லை. ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்து சோதனை போட, போலீசார் நீதிபதியிடம் காரணம் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அலமாரியில் என்ன மாத்திரை இருக்கிறது என்று பட்டியலில் பார்க்க மட்டும் காரணம் சொல்ல வேண்டாமா? உண்மையான சந்தேகம் இருந்தால் வாரண்டு கிடைக்கும். குழந்தைக்கு மருந்தை நிறுத்திய அந்தக் குடும்பம் கேட்டதும், யார் கையிலும் பெயர் போய்ச் சேராது என்ற உறுதி ஒன்றைத்தான்.