டீ குடிக்கவா கமிட்டி?

ஆலையில் வொர்க்ஸ் கமிட்டி கூடுகிறது. மானேஜர் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார். டீ வருகிறது, பிஸ்கட் வருகிறது. குடிநீர்க் குழாய் கெட்டுக் கிடப்பதைச் சொன்னால், "யோசிக்கிறோம்" என்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூட்டம். அதே டீ, அதே பிஸ்கட், அதே "யோசிக்கிறோம்"!

தோழர்களே! இந்தக் கமிட்டி முதலாளிமார் போட்ட பிச்சையல்ல. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் 3-வது பிரிவில் பிறந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அரசாங்கம் உத்தரவிட்டால் கமிட்டி அமைத்தே தீரவேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்றது அச்சட்டம். 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

தலை எண்ணிக்கையில் சமம், சரி. பலத்தில் சமமா? மானேஜர் கணக்குப் புத்தகத்தோடு வருகிறார். நமது பிரதிநிதி வெறுங்கையோடு போகிறார். தோல்வி அங்கேதான் ஆரம்பம்.

ஆகவே, கமிட்டிக்கு முன்னால் இலாகாக் கூட்டம் போடுவோம். ரிங் பிரேமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களை, பெண் தொழிலாளர்களை விடாமல், கேட்போம். மூன்று கோரிக்கை போதும். முப்பதைக் கொண்டுபோனால் மானேஜருக்குக் கொண்டாட்டம்! எந்த இலாகா, எந்த ஷிப்டு, எத்தனை நாளாகக் குறை என்று எழுதிக் கொண்டு போவோம்.

கூட்டத்தில் எடுத்த முடிவு என்ன, செய்யவேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் மினிட் புத்தகத்தில் ஏறவேண்டும். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. அன்று மாலையே கேட் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயம், சென்ற முடிவு என்னாயிற்று என்பதே.

வேலைப்பளுவும் ஆட்குறைப்பும் அந்த மேஜைக்கு வந்தால்? "யூனியனோடு பேசுங்கள்" என்று சொல்லவேண்டும். நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில், வேலைமுறை மாற்றத்துக்கு வொர்க்ஸ் கமிட்டி இசைந்துவிட்டது என்று நிர்வாகம் வாதாடியது. 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யூனியனின் இடத்தைப் பிடிக்க ஏற்பட்டதல்ல கமிட்டி என்று தீர்ப்பளித்தது.

"பேச்செல்லாம் வீண், போராட்டம் ஒன்றே வழி" என்பார்கள் சிலர். புத்தகத்தில் மூன்று முறை ஏறியும் நிறைவேறாத வாக்குறுதி, நாளைத் தகராறில் நமது சாட்சியமல்லவா?

விவசாயத் தொழிலாளர்களுக்கும் இதே பாடம்தான். தாசில்தார் முன்னிலையில் கூலிப் பேச்சுக்குப் போகுமுன் தெருத் தெருவாகக் கூடுங்கள். கேட்கும் கூலியை முடிவு செய்யுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். ஊர் திரும்பியதும் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் ஆலையில் அடுத்த கமிட்டி எந்தத் தேதி? இலாகாக் கூட்டத்தை இன்றே போடுங்கள்!